சாத்திப் பாக்காத கதவு

காலேஜ்ல எங்க க்ளாஸ்ல தாகம் எடுத்தா ஒருத்தனும் வாட்டர் கூலர் பக்கம் போகமாட்டான். அதுக்குள்ள பல்லி கெடந்ததை ஒருத்தன் பாத்துட்டான், அதோட முடிஞ்சுது. நேரா ஃபர்ஸ்ட் பெஞ்சு. அங்க எங்ககூடப் படிச்ச ஒருத்தியோட வீல்சேர், கைப்பிடில ஒரு துணிப்பை, பைக்குள்ள ஒரு ஸ்டீல் பாட்டில். முதல்ல எவன் எடுத்தாலும், அது மத்தியானமே ஆனாலும், ஃபுல்லா இருக்கும். மூணு வருஷம் மொத்த க்ளாஸும் அதுலதான் குடிச்சோம். அவளுக்கு நாங்க வெச்ச பேரு தண்ணி லாரி.

"தூக்கிக் குடிடா, கடங்காரா! எச்சப் பண்ணாதே!"

இதான் அவ தினம் எங்கிட்ட பேசற முதல் வசனம். அவ வீடு கிழக்கேகோட்டை பக்கத்துல அக்ரகாரத் தெரு. எங்க வீடு சாலைக் கடைவீதிக்குப் பின்னால, அப்பா திருநெல்வேலிலேர்ந்து வந்த பரோட்டா மாஸ்டர். அவ வீட்டுத் தமிழ் வேற, எங்க வீட்டுத் தமிழ் வேற. சண்டை முத்திப் போனா ரெண்டு பேரும் மலையாளத்துக்கு மாறிடுவோம், அதுல திட்டறதுக்கு நல்ல சுகம் உண்டு கேட்டோ.

நாங்க எடுக்கறவரைக்கும் அந்தப் பாட்டில் ஏன் ஃபுல்லாவே இருக்குன்னு மூணு வருஷத்துல ஒரு நாள்கூட எனக்குத் தோணல. இத்தனைக்கும் நான் ஃபர்ஸ்ட் க்ளாஸ் பாஸ்.

டிகிரி முடிச்சு நான் ஒரு சின்ன டிராவல்ஸ்ல சேந்தேன். மூணு கம்ப்யூட்டர், ரெண்டு கார், ஒரு ஓனர் சேட்டன். போன வருஷம் சேட்டன் எங்கயோ ஒரு மீட்டிங் போயிட்டு வந்து என் டேபிள்ல தட்டினாரு. "எடா, இனி ஆக்ஸஸிபிள் டூரிசம்தான் எல்லாம். வீல்சேர்ல வர்றவங்களுக்கு பொன்முடி மலைக்கு ஒரு பேக்கேஜ் ரெடியாக்கு. ஒரு நாள் டிரிப். நீ படிச்ச பையன் அல்லே?"

படிச்ச பையன் அப்படின்னா எனக்குத் தலைக்கு ஏறிடும். ஒரு லிஸ்ட் போட்டேன். வாசப்படி எத்தனை இஞ்சு, ரேம்ப் எவ்வளவு சரிவு, வாசல் எவ்வளவு அகலம், கார் எங்க நிக்கும், தரை வழுக்குமா. முப்பத்தோரு கேள்வி. பக்கத்து மெடிக்கல் ஸ்டோர்ல ஒரு வீல்சேர் கடன் வாங்கினேன். சும்மா காலிச் சேரைத் தள்ளினா டெஸ்ட் ஆகாதுல்ல? ஆளுக்கு பதிலா ஆபீஸ்ல இருந்த இருபது லிட்டர் தண்ணி கேனை சீட்ல உக்கார வெச்சு, என் முண்டு வேட்டியால கட்டினேன். அந்தக் கேனைத் தள்ளிக்கிட்டு பொன்முடி பூராவும் சுத்தினேன். டூரிஸ்டுங்க எனக்குக் கிறுக்குன்னு நினைச்சு போட்டோ எடுத்தாங்க. நானும் போஸ் குடுத்தேன்.

மேல போற ரோட்ல, கடைசிக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னாடி, தேயிலை எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கற லயத்துக்குப் பக்கத்துல ஒரு சாப்பாட்டுக் கடை. அந்தக் கடைக்காரர்கிட்ட பேசிப் பேசியே ரேம்ப் கட்ட வெச்சேன். பாத்ரூம்ல யூரோப்பியன் க்ளாசெட், சேர்லேர்ந்து பிடிச்சு மாறிக்க சுவத்துல ஸ்டீல் கம்பி, எல்லாம் செட். கேனை உள்ள தள்ளினேன். அடிபொளியாப் போச்சு. வெளிய நின்னு ஒரு போட்டோ. முப்பத்தோரு டிக்.

எங்க வெப்சைட்ல பேஜ் போடறதுக்கு முன்னாடி நிஜ ஆளை ஒரு தடவை கூட்டிட்டுப் போயிப் பாக்கலாம்னு சொன்னதும் நான்தான். நல்ல எண்ணம்னு சொல்ல முடியாது. யாராவது "ஆஹா"ன்னு சொல்லணும், அதை வீடியோ எடுக்கணும். அவ்வளவுதான்.

அவளுக்கு போன் அடிச்சேன். அவ இப்ப வீட்லேர்ந்தே ஆன்லைன்ல பசங்களுக்கு மேத்ஸ் எடுக்கறா.

"பொன்முடியா? அம்மா இல்லாமயா?" ரெண்டாவது கேள்வியத்தான் அழுத்திக் கேட்டா.

"அம்மா எதுக்கு? நான் முப்பத்தோரு பாயிண்ட் செக் பண்ணிருக்கேன்."

தேதி கேட்டா, திரும்பற நேரம் கேட்டா. அப்புறம், "சரி. வரேன். ஆனா அம்மாகிட்ட நீயே வந்து பேசு. நேக்கு தைரியம் போதாது."

போனேன். அவ அம்மா ரெண்டு முட்டிலயும் பெல்ட் போட்டுக்கிட்டு, வாசல் நிலையப் பிடிச்சுட்டு நின்னாங்க.

"நானும் வரேனே. ஒரு ஓரமா உக்காந்துண்டு வரேன்."

"வேண்டாம்மா. நோக்கு வளைவு சுத்தினா குமட்டும்."

"குமட்டினா குமட்டட்டும். நான் இல்லாம நீ எப்படிடீ..." அதுக்கு மேல என்னைப் பாத்துட்டு நிறுத்திட்டாங்க. ஏன் நிறுத்தினாங்கன்னு எனக்கு அப்பவும் புரியல. வேற காரணம்னு நினைச்சுட்டேன்.

அவங்களும் வேற காரணத்துக்குத்தான் தாவினாங்க. "தெருவுல நாலு பேர் பாப்பா. பிள்ளையோட கார்ல ஒத்தையா..."

"வீல்சேரையும் தூக்கிண்டு எவனும் ஓட மாட்டான்மா. பயப்படாதே."

அம்மாவே சிரிச்சுட்டாங்க. கடைசில பர்மிஷன் வந்துது. அஞ்சு மணிக்குள்ள வந்துடணும். மணிக்கு ஒரு தடவை போன். ஒண்ணு தப்பினாலும் இதான் கடைசி.

"இதான் கடைசி"ன்னு அம்மா சொன்னப்போ அவ முகத்தப் பாத்தேன். சும்மா மிரட்டல்னு அவ எடுத்துக்கல.

சனிக்கிழமை காலைல ஏழு மணிக்குக் கிளம்பினோம். கார் சீட்டுக்கு அவளே மாறிக்கிட்டா. கால்ல பலம் இல்லாட்டியும் அவ கை ரெண்டும் இரும்பு, ஒரு பிடி கிடைச்சாப் போதும். நான் சேரை மடக்கி டிக்கில வெச்சேன். நெடுமங்காடு தாண்டறவரைக்கும் நான்தான் பேசினேன். ரேம்ப் சரிவு, வாசல் அகலம், கம்பியோட உயரம். அவ ஜன்னல் கண்ணாடிய இறக்கி விட்டுட்டு ரப்பர் மரம், பள்ளிக்கூடம், மீன்கார ஸ்கூட்டர் எல்லாத்தையும் பாத்துட்டே வந்தா. விதுரால வண்டிய நிறுத்தி ரெண்டு நாரங்கா சோடா, நம்ம எலுமிச்சை சோடாதான், சொன்னேன்.

"நேக்கு வேண்டாம். ரெண்டையும் நீயே குடி."

குடிச்சேன். லக்னு நினைச்சேன்.

கல்லார் தாண்டி வளைவுகள் ஆரம்பிச்சதும் அவ சின்னக் குழந்தை மாதிரி எண்ணினா. ஒவ்வொரு வளைவுலயும் கல்லுல நம்பர் இருக்கும். பதினாலு, பதினஞ்சுன்னு கத்தினா. பேய்க் குஷி. இருபத்தி மூணு வயசுல முதல் தடவையா அம்மா இல்லாம மலை ஏர்றா.

சாப்பாட்டுக் கடைக்கு வந்ததும் நான் ரேம்பக் காட்டி கை ரெண்டையும் விரிச்சேன். அவ தானாவே ஏறினா. "சபாஷ்டா"ன்னா. வீடியோ எடுத்தேன். அப்புறம் "பாத்ரூம் எங்க?"ன்னு கேட்டா. பெருமையா வழி காட்டிட்டு நான் முன்பக்கம் வந்துட்டேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல, திரும்பி வந்துட்டா.

"எப்படி?"

"நன்னாருக்கு."

"கம்பி?"

"கம்பியும் நன்னாருக்கு. மேல போலாமா?"

மேல போனோம். பனி வந்து எங்களுக்கு நடுவுலயே பூந்து போச்சு, பக்கத்துல இருக்கறவ தலை மட்டும் தெரிஞ்சுது. பனி விலகினா அடுக்கடுக்கா மலை. அவ வாயத் திறந்துட்டு பாத்துட்டே இருந்தா. மணிக்கு ஒரு தடவை அம்மா போன். "ஜோரா இருக்கேன்மா. எல்லாம் சௌகரியமா இருக்கு." ஆனா பன்னெண்டு மணிக்கு மேல அவ கைப்பிடிய விடாம இறுக்கிப் பிடிச்சுட்டே இருந்தா. தலை வலிக்குதுன்னா. வளைவு சுத்தினதாலன்னு நான் டாக்டர் மாதிரி சொன்னேன்.

ஒரு மணிக்கு சாப்பாட்டுக் கடைக்கே திரும்பினோம். அவ தயிர் சாதத்துல ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு மூடி வெச்சா. நான் ரெண்டு டீ சொன்னேன். பொன்முடித் தேயிலையாச்சே. அவ கிளாசை எடுத்து ரெண்டு கைக்குள்ளயும் வெச்சு சூடு பிடிச்சா, மோந்து பாத்தா, அப்படியே எம்பக்கம் நகத்தி வெச்சா.

"நீ குடி."

அப்போ எஸ்டேட்ல கொழுந்து கிள்ற மூணு அக்காங்க, அன்னிக்குப் பக்கத்துச் செடியிலயே வேலைங்கறதால, வெத்தலை வாங்க வந்திருந்தாங்க. தமிழ்க்காரங்கதான். செடி ஈரம் படாம இருக்க இடுப்பச் சுத்தி தார்ப்பாய்த் துண்டு கட்டிருந்தாங்க, அதுக்கு அவங்க படங்குன்னு சொல்வாங்க. நாங்க தமிழ் பேசறது கேட்டு ஒரு அக்கா பக்கத்துல வந்தாங்க. முதல்ல எந்த ஊருன்னு கேட்டாங்க. அப்புறம் அவ முகத்தையே பாத்தாங்க.

"உதடு என்ன தங்கச்சி இப்படி வெடிச்சுக் கெடக்கு? தண்ணி குடிக்கலயா?"

"தாகம் இல்லக்கா."

அந்தக்கா சிரிச்சாங்க. "யாருகிட்ட சொல்ற? எப்ப நிறுத்தின, அதைச் சொல்லு."

அவ என்னை ஒரு தடவை பாத்தா. "நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு."

"என்னது ஆறு மணி? என்ன நிறுத்தின?" நான் போன்லேர்ந்து தலையத் தூக்கினேன். ரெண்டு பேரும் என்னைக் கண்டுக்கவே இல்ல.

"நாங்களும் அப்படித்தான் தங்கச்சி. விடியக்கால ஒரு மடக்கு சாயா. மலைல ஏறிட்டா நாலு மணிக்குத்தான் எறக்கம். அங்கன எங்க ஒதுங்க? அட்டைப்பூச்சி வேற. வெளில சொல்லவும் முடியாது. உன் மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு."

"அக்கா, இங்க பாத்ரூம் இருக்கே!" நான் எந்திரிச்சுட்டேன். "நானே செக் பண்ணது. சேர் உள்ள போகும், கம்பி இருக்கு..."

"செக் பண்ணினியா?" அவ என் பக்கம் திரும்பினா.  "சேர்ல யாரை உக்காத்தி வெச்சு செக் பண்ணினே?"

"கேனை."

"தண்ணி கேனையா?"

"இருபது லிட்டர்."

"கேனுக்கு என்னடா வெக்கம்?"

மத்த ரெண்டு அக்காங்களும் வெத்தலைய வாயில போடாம கைல வெச்சுட்டு நின்னாங்க.

"கதவு உள்பக்கமாத் திறக்கறது. சேர் உள்ள போச்சுன்னா கதவைச் சாத்த இடமே இல்லை. சேருக்குப் பின்னாடியே கைகழுவற எடம், வர்றவா போறவா எல்லாரும் அங்கதான் நிக்கறா. நீ உள்ள போய் ஒரு தடவை சாத்திப் பாத்தியாடா?"

பாக்கல. எதுக்குப் பாப்பேன்? வெளிய நின்னு போட்டோ எடுக்கறவனுக்கு கதவு திறந்து இருந்தாத்தானே வசதி.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"ன்னு கேட்டேன். தப்பு பண்ணினவன்தான் இப்படிக் கேப்பான்.

"சொன்னா? நீ பதறுவே. ஆத்துக்கு போன் பண்ணுவே. 'நான் அப்பவே சொன்னேனோல்லியோ'ன்னு அம்மா. முடிஞ்சுது. நான் எங்க போனாலும் அம்மா ஏன் கூட வரான்னு நினைச்சே? எனக்கு வழி தெரியாதுன்னா? சாத்த முடியாத கதவுக்கு முன்னாடி புடவைத் தலைப்பப் பிடிச்சுண்டு நிக்க ஒரு ஆள் வேணும். அம்மாக்கு முட்டி போயாச்சு. இன்னும் எத்தனை நாள் நிப்பா? இன்னிக்கு ஒரு நாள் நானே சமாளிச்சுட்டேன்னு ஆத்துல போய் நிக்கணும்னு நினைச்சேன். அவ்வளவுதாண்டா."

காலேஜ்ல ஒம்பதுலேர்ந்து மூணரை. அங்கயும் ஒரு பாத்ரூம் கதவு இருந்திருக்கும். அந்தப் பாட்டில். எடா, அந்தப் பாட்டில். நான் தூக்கிக் குடிச்சது எல்லாம் அவ குடிக்காத தண்ணி.

அந்தக்கா என்னை யோசிக்க விடல. இடுப்புலேர்ந்து படங்கை அவுத்தாங்க. இன்னொரு அக்காவும் அவுத்தாங்க. "வா தங்கச்சி. கதவு திறந்தே கெடக்கட்டும், முன்னாடி இதைப் பிடிச்சு மறைக்கறோம். நாங்க செடிக்கு நடுவுல ஒருத்திக்கு ஒருத்தி பிடிக்கறதுதான். தம்பி, நீ ரோட்டுக்குப் போ. யாரும் வராமப் பாத்துக்க. சத்தமாப் பேசிக்கிட்டு நில்லு."

"என்ன பேச?"

"என்னத்தையாவது. நல்லாத்தானே பேசின இவ்வளவு நேரம்."

ரோட்டுல நின்னு, வராத ஒரு போனைக் காதுல வெச்சு, கேக்காத ஒருத்தர்கிட்ட பொன்முடி பேக்கேஜப் பத்தி மலையாளத்துல கத்தினேன். ரேம்ப் உண்டு. கம்பி உண்டு. முப்பத்தோரு பாயிண்ட் உண்டு. ஒரு பைக்காரன் என்னைப் பாத்துட்டே போனான். வாழ்க்கைல இவ்வளவு கூச்சமா எங்கயும் நின்னதில்ல.

திரும்பி வர்றப்போ அவளும் அக்காங்களும் எதுக்கோ சிரிச்சுட்டு வந்தாங்க. எதுக்குன்னு இன்னும் எனக்குச் சொல்லல. அவ நேரா டேபிளுக்கு வந்து, ஆறிப்போன அந்த டீயவே எடுத்து ஒரே மூச்சுல குடிச்சா. இன்னொண்ணு சொன்னா. அதையும் குடிச்சா. அப்புறம் துணிப்பைலேர்ந்து பாட்டில எடுத்து கழுத்து வழியா வழிய வழியக் குடிச்சா. அவ தண்ணி குடிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான் முதல் தடவை.

அக்காங்களுக்கும் டீ சொன்னேன். அந்தக்கா கிளாசை வாங்கி ஒரே ஒரு மடக்கு குடிச்சுட்டு மிச்சத்தை அப்படியே வெச்சாங்க.

"குடிங்கக்கா."

"நாலு மணி வரைக்கும் மலைல்ல தம்பி." படங்கை மறுபடி இடுப்புல சுத்திக் கட்டிக்கிட்டே சொன்னாங்க.

"இங்கயே பாத்ரூம் இருக்கேக்கா."

"அது டூரிஸ்டுக்கு" அப்படின்னுட்டு நடந்தாங்க. கோவமே இல்லாம, மழை வரும்னு சொல்ற மாதிரி.

எறங்கறப்போ எனக்கு மனசு பொங்கிடுச்சு. மலை, பனி, அந்த அக்காங்க, படங்கு, இதை எழுதினா செமையா இருக்கும், நம்ம பேஜ்லயே போடலாம்னு சொன்னேன்.

"போடு" அப்படின்னா அவ. "கூடவே இதையும் போடு. ஒவ்வொரு டிரிப்புக்கும் ரெண்டு அக்காவை வேலைலேர்ந்து கூட்டிண்டு வந்து துணி பிடிக்கச் சொல்வோம். டைமிங் என்னன்னு கேட்டுப் போடு."

 அஞ்சு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்போ அவ வீட்டு வாசல்ல நின்னோம். அம்மா நிலையப் பிடிச்சுட்டு அதே இடத்துல. மகள் முகத்தத்தான் முதல்ல பாத்தாங்க. உதடு ஈரமா இருந்துது. அதைப் பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாத்தாங்க. உள்ள போயி எனக்கு காப்பி கொண்டு வந்தாங்க. அவங்க முகத்த நேரா பாத்துக் குடிக்க என்னால முடியல.

திங்கக்கிழமை ஓனர் சேட்டன்கிட்ட பேஜ் இப்ப போட முடியாதுன்னேன். கத்தினாரு. "முப்பத்தோரு டிக் போட்டது நீ அல்லே?"

"ஆமா. கேனுக்குப் போட்டது."

ஒரு கார்ப்பென்டரைக் கூட்டிட்டு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கதவை வெளிப்பக்கமாத் திறக்கற மாதிரி மாத்தணும், அவ்வளவுதான் வேலைன்னு நினைச்சேன். அப்படித் திறந்தா கைகழுவற பேசின்ல இடிக்குது. கடைக்காரர் மொறைச்சாரு. ஒரு கதவுக்காக பேசினைப் பேக்கணுமான்னு. நான் அவரை வீல்சேர்ல உக்கார வெச்சு உள்ள தள்ளினேன். "சேட்டா, இப்ப வேட்டிய அவுருங்க"ன்னேன். கைகழுவற இடத்துல நாலு பேரு நின்னுட்டு இருந்தாங்க. மனுஷன் முண்டு மடிப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு. பேசின் ரெண்டு நாள்ல நகந்துது.

அக்காங்களுக்கும் பாத்ரூமைத் திறந்துவிடற விஷயம் அவ்வளவு லேசா நடக்கல. "இருபது பேரு சேத்துக் காலோட வருவாங்க, யாரு கழுவறது?"ன்னாரு கடைக்காரர். எல்லாருக்கும் திறக்காத பாத்ரூமுக்கு எங்க கெஸ்ட் வரமாட்டாங்கன்னேன். அது என் ஓனர்கிட்ட கேக்காம நான் சொன்னது. அரை மனசா சரின்னாரு. இப்பவும் எல்லாரும் வர்றதில்ல. மேல கொழுந்துக் காட்டுலேர்ந்து எறங்கி ஏற நேரம் போதாது. லயத்துக்குப் பக்கத்துச் செடியில வேலை இருக்கற அன்னிக்கு மட்டும் வருவாங்க. அது முடிஞ்ச வேலை இல்ல, தெரியும்.

வேலை முடிஞ்ச அன்னிக்கு நானே சேர்ல உக்காந்து உள்ள போயி, கதவைச் சாத்தி, தாழ் போட்டு, கம்பியப் பிடிச்சு மாறி, பத்து நிமிஷம் உக்காந்திருந்தேன். வெளில யாரோ கை கழுவற சத்தம். யாருக்கும் நான் தெரியல. லிஸ்ட்ல முப்பத்திரண்டாவது கேள்வி எழுதினேன்: உள்ள உக்காந்து கதவைச் சாத்தினியா?

போன மாசம் அவ ரெண்டாவது தடவை வந்தா. அம்மா வாசல் வரைக்கும் வந்து டாட்டா காட்டினாங்க. மணிக்கு ஒரு போன் கண்டிஷன் அப்படியே இருக்கு, அதை மாத்த எவனாலயும் முடியாது. நெடுமங்காட்டுல டிராஃபிக். ஏசி வேலை செய்யல. எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. பழக்க தோஷத்துல கையப் பின்னால நீட்டி, பின் சீட்ல இருந்த அவ துணிப்பைலேர்ந்து பாட்டில எடுத்தேன். கை அப்படியே மேல வந்துடுச்சு. கனமே இல்ல.

குலுக்கிப் பாத்தேன். காலி.

"என்னடீ இது?"

"ஆத்துலேர்ந்து கிளம்பறச்சயே குடிக்க ஆரம்பிச்சுட்டேன்" அப்படின்னு ஜன்னலப் பாத்துட்டே சொன்னா. "நோக்கு வேணும்னா கடைல நிறுத்தி வாங்கிக்கோ. நேக்கும் ஒண்ணு வாங்கு."